அந்த வெளிச்சம் ஈரலில் இல்லை

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எலியை வைத்து மனித நோயைப் பற்றி என்னத்தைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. சில மாதங்களாக இவர்களுக்கு நடுவில் நின்று வாதாடியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் எண்ணம். எலியிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. அது சொன்னதாகச் சொல்லப்படும் பதிலை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

விஷயம் சித்தப்பாவின் ஈரலில் தொடங்கியது. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடை அறையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். குடிக்கிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் ஒருவருக்கு ஈரல் பழுது என்றால், கேட்கிறவர் வாயில் முதலில் வருவது 'கசிப்பா, சாராயமா' என்பதுதான். சித்தி இந்தக் கேள்விக்குப் பயந்தே கொஞ்சக் காலம் நோயை வெளியில் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு நீரிழிவு நெடுநாளாக இருந்தது. ஈரலில் கொழுப்பு படிந்து, அது அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, கடைசியில் ஈரல் முழுவதும் இறுகிப்போனது. ஏறி இறங்கி உழைக்கிற உடம்புக்கு இந்த நோய் வராது என்று மலையகத்தில் இன்னமும் பலர் நம்புகிறார்கள். ராகமைப் பகுதியில் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், நகர்ப்புற வயதுவந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பார்த்து 2011இல் எழுதியபோது நூற்றுக்கு 18 பேர் என்றார்கள். நகரத்தைவிடக் குறைவுதான். உழைப்பு காப்பாற்றிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கும் அளவுக்குக் குறைவில்லை. கோதுமை மா ரொட்டியையும் சீனி அள்ளிப் போட்ட தேநீரையும் பற்றி இங்கே ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், அதை விடுகிறேன்.

சித்தப்பாவின் மூத்த மகன், எனக்குத் தம்பி, கத்தாரில் வேலை செய்கிறான். அப்பாவின் வயிற்றில் தண்ணீர் கட்டிக் கண்டியில் ஊசி குத்தி வடித்தெடுத்தார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு இரவில் தூக்கமில்லை. கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டே இருந்தான். தேடுகிறவனுக்கு விற்கிறவன் கிடைக்காமலா போவான்? வெளிநாட்டுக் கம்பனி ஒன்று கிடைத்தது. தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய கலங்களை, கை நாளத்தில் ஏற்றினால் இறுகிய ஈரல் மறுபடி வளரும் என்கிறார்கள். அவன் இத்தனை வருடம் சேர்த்ததும், அதற்கு மேல் வாங்கும் கடனும் சேர்ந்தால்தான் அந்தக் கட்டணத்தைத் தொடலாம். ஆதாரமாக ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

இரண்டு எலிகள் மல்லாந்து கிடக்கின்றன. இரண்டும் சாம்பல் நிறம். இடப்பக்கத்து எலியில் ஒன்றுமில்லை. வலப்பக்கத்து எலியின் உடம்பில் ஒரு வண்ணத் திட்டு: நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள், பிறகு பச்சை, விளிம்பில் நீலம். இடப்பக்கத்தில் 'சிகிச்சைக்கு முன்', வலப்பக்கத்தில் 'சிகிச்சைக்குப் பின்' என்று எழுதியிருந்தது. சித்தி கண்ணாடி வெடித்த தன் தொலைபேசியில் அந்தச் சிவப்பை விரலால் பெரிதாக்கி எனக்குக் காட்டினார். "புது ஈரல் வளர்கிற இடமாம். எலிக்கு வளர்ந்திருக்கிறதே, இவருக்கு ஏன் வளராது? நீ படித்தவள், சொல்லு." சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் திரும்பவும் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டுப் பெட்டி

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். ஈரலும் நொதியமும் எனக்குத் தினசரிப் பாடம். ஆனால் இப்படியான படத்தை ஓர் ஆய்வுகூடத்தில் எப்படி எடுக்கிறார்கள் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் கிடையாது. என்னிடம் படித்துப் பேராதனையில் பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி, இப்போது ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்கிறாள். அவளிடம் படத்தை அனுப்பிவைத்துவிட்டு, கம்பனி, சித்தப்பா எதையும் சொல்லாமல், "இது எப்படி எடுக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அவள் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு முறை நான் அவளுக்கு மைட்டோகொண்ட்ரியா நடத்தியது நினைவுக்கு வந்து, அன்று இவ்வளவு நன்றாக நடத்தவில்லையே என்று தோன்றியது.

மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்குக் காரணம் லூசிபெரேஸ் என்ற நொதியம். வட அமெரிக்க மின்மினி ஒன்றிலிருந்து எடுத்த அந்த நொதியத்தின் மரபணுவை, எலிக்கு ஏற்றப்போகும் கலங்களுக்குள் முன்கூட்டியே புகுத்திவிடுகிறார்கள். எலியின் வயிற்று மயிரை மழிக்கிறார்கள். மயிர் வெளிச்சத்தை மறைக்கும். பிறகு அந்த நொதியம் பட்டால் ஒளி தரும் லூசிபெரின் என்ற பொருளை ஊசியில் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கிறார்கள். மயக்க வாயு வரும் குழாயில் எலியின் மூக்கை வைத்து, உடற்சூடு குறையாதபடி வெதுவெதுப்பான தட்டில் படுக்கவைத்து, வெளிச்சம் துளியும் புகாத பெட்டியை மூடுகிறார்கள். உள்ளே விளக்கைப் போட்டுச் சாதாரணமாக ஒரு படம். அடுத்து விளக்கை அணைத்து, உறைநிலைக்கும் மிகக் கீழே குளிரூட்டிய கமரா, எலியின் உடம்பைத் துளைத்து வெளியே வரும் ஒளியை எண்ணத் தொடங்குகிறது. அந்த எண்களைக் கணினி வண்ணமாக்கி முதல் படத்தின் மேல் போர்த்துகிறது.

ஆகவே அந்தச் சிவப்பு இரத்தமுமில்லை, சூடுமில்லை, ஈரலுமில்லை. அது ஓர் எண். நிறைய ஒளி வந்த இடம் சிவப்பு, கொஞ்சம் வந்த இடம் நீலம். எந்த எண்ணிலிருந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை இயக்குகிறவரே தீர்மானிக்கலாம். அளவை ஏற்றினால் அதே எலி வெறும் சாம்பலாகிவிடும். இறக்கினால் தலை முதல் வால் வரை வண்ணமாகிவிடும். இதனால்தான் இப்படியான படங்களின் ஓரத்தில், எந்த வண்ணம் எந்த எண் என்று காட்டும் ஒரு பட்டை கட்டாயம் இருக்கும். இரண்டு எலிகளை ஒப்பிடுவதானால் இரண்டுக்கும் ஒரே பட்டை இருக்க வேண்டும். கம்பனி அனுப்பிய படத்தில் பட்டையைக் காணோம். வலது ஓரத்தில் அதன் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாக எஞ்சியிருந்தது, வெட்டியெடுத்திருக்கிறார்கள்.

இந்த முறையில் ஓர் அருமை இருக்கிறது. லூசிபெரேஸ் வேலை செய்ய ஒட்சிசன் வேண்டும், கலத்தின் சக்திப் பொருளான ஏ.டி.பி. வேண்டும். செத்த கலத்தில் ஏ.டி.பி. இல்லை. எனவே வெளிச்சம் வந்தால் அங்கே கலம் இருக்கிறது என்பதோடு, உயிரோடு இருக்கிறது என்பதும் உறுதி. எலியைக் கொன்று திறந்து பார்க்காமலே நாளை, நாளை மறுநாள், அடுத்த வாரம் என்று அதே எலியிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: ஏற்றிய கலங்கள் எங்கே, உயிரோடிருக்கின்றனவா? ஈரல் தேறியதா என்று இந்தக் கமராவுக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டதும் 'முன்', 'பின்' என்ற அந்த எழுத்துகள் எனக்குச் சிரிப்பை மூட்டின. முன் என்பது கலம் ஏற்றுவதற்கு முன். ஒளிரும் கலம் உள்ளே இல்லாத எலி ஒளிராது. அதைத்தான் நோயுற்ற எலி என்றும், மற்றதைக் குணமான எலி என்றும் சித்தி வாசித்திருக்கிறார். அப்படி வாசிக்க வேண்டும் என்றுதான் அது எழுதப்பட்டிருக்கிறது.

பேச்சை முடிக்கிற நேரத்தில் மாணவி கேட்டாள். "டீச்சர், அந்தப் படம் நீங்கள் வகுப்புக்கு எடுத்ததா? ஈரலுக்கு என்று காட்டாதீர்கள். முன்னங்கால்களைப் பாருங்கள்."

பார்த்தேன். சிவப்புத் திட்டு இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் இருந்தது. எலியின் ஈரல் அதற்குக் கீழே, விலா எலும்புகளின் கடைசி வரிசைக்குள்ளே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் அடியில் இருக்கும். முன்னங்கால்களுக்கு நடுவில் இருப்பது நெஞ்சு. அங்கே ஒளிர்ந்தது சுவாசப்பை. ஈரல் நோய்க்கான சிகிச்சை என்று ஊர் ஊராக அனுப்பப்படும் படத்தில், ஈரல் இருட்டாகக் கிடக்கிறது. அந்தப் படத்தை எத்தனையோ பேருக்குக் காட்டியிருப்பார்கள். எத்தனையோ மகன்கள் அதைப் பார்த்துக் கடன் வாங்கியிருப்பார்கள். படம் பொய்யில்லை. எங்கோ ஒரு நேர்மையான ஆய்வுகூடத்தில், கலங்கள் ஈரலுக்குப் போகவில்லையே என்று கவலைப்பட்டு யாரோ எடுத்த படமாகக்கூட இருக்கலாம். அந்த எலி உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதன் வாயில் வேறு வசனத்தை வைத்தவர்கள் மனிதர்கள்.

சல்லடை அறை

இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவருடைய தொழிலே கைகொடுத்தது. தொழிற்சாலைச் சல்லடையில் பெரிய இலைத்தூள் முதல் வலையிலேயே நின்றுவிடும், பி.ஓ.பி. என்ற நடுத்தரத் தூள் கீழே இறங்கும், டஸ்ட் என்ற பொடி கடைசித் தட்டுக்குப் போகும். கை நாளத்தில் ஏற்றும் எதுவும் முதலில் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரே சுவாசப்பைக்குத்தான் போகிறது. அங்கேயுள்ள மயிர்த்துளைக் குழாய்கள் 10 மைக்ரோமீட்டருக்கும் குறுகலானவை. வளர்ப்புத் தட்டில் வளர்த்த ஸ்டெம் செல்கள் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர். "அப்படியென்றால் முதல் வலையிலேயே நின்றுவிடுமே" என்றார் சித்தப்பா, நான் முடிக்குமுன்பே. அந்தப் படத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு, "கடைசித் தட்டுக்கு எவ்வளவு போகும்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கம்பனியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எலியில் பார்த்த பலரும் ஒரேமாதிரித்தான் சொல்கிறார்கள்: பெரும்பங்கு சுவாசப்பையில் சிக்குகிறது, ஓரிரு நாட்களுக்குள் அதில் பெரும்பாலானவை இறந்துபோகின்றன. மனிதரை இருட்டுப் பெட்டிக்குள் படுக்கவைக்க முடியாது; நம் உடம்பின் தடிப்பைத் தாண்டி மின்மினி வெளிச்சம் வெளியே வராது. அதுவும் ஈரல் இரத்தம் நிறைந்த உறுப்பு, ஈமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சிவிடும். எனவே மனிதரில் கதிரியக்க அடையாளமிட்டுப் பார்த்தார்கள். 2011இல் ஈரானிய ஆய்வாளர்கள், ஈரல் இறுகிய நான்கு நோயாளிகளின் சொந்த என்பு மச்சைக் கலங்களுக்கு இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை ஒட்டி, கை நாளத்தில் ஏற்றிப் பின்தொடர்ந்தார்கள். முதலில் சுவாசப்பை. அடுத்து வந்த நாட்களில் அங்கே குறைந்து, மண்ணீரலில் அதிகமாகவும் ஈரலில் அதைவிடக் குறைவாகவும் சேர்ந்தது. எலி சொன்ன அதே பாதைதான், ஈரலுக்கு வந்துசேர்ந்ததுபோலத் தெரிகிற ஒரு வால்துண்டோடு. அந்த வால்துண்டை வைத்து மகிழ்ச்சியடையலாமா என்பதைக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன்.

சுவாசப்பையில் சிக்கினால் எல்லாம் வீண் என்று முடிவுகட்டவும் முடியாது என்பதுதான் இதில் எனக்குச் சுவையான இடம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் சுவாசப்பையில் சிக்கிய மனித ஸ்டெம் செல்கள் அழற்சியைத் தணிக்கும் ஒரு புரதத்தைச் சுரந்து, தொலைவிலிருந்த இதயத்தின் சேதத்தைக் குறைத்ததைக் காட்டினார்கள். போகாத இடத்துக்கும் பயன் போகலாம் போலும். ஆனால் அது உண்மையென்றால், 'புது ஈரல் வளர்கிறது' என்ற கதை பொய்யாகிவிடும். கலம் ஈரலாக மாறவில்லை, மருந்தைச் சுரந்துவிட்டுச் செத்துப்போனது என்றாகும். அப்போது கேட்க வேண்டியவை வேறு: அந்தச் சுரப்பை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாதா, எத்தனை நாளைக்கு அது நிற்கும், எத்தனை தடவை ஏற்ற வேண்டும்? விற்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் வேண்டாம். வளர்கிறது என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும்.

சுவாசப்பையைத் தவிர்த்துக் குடலிலிருந்து ஈரலுக்கு வரும் வாயில் நாளத்தில் நேராக ஏற்றும் வழியும் இருக்கிறது. பழைய வழிதான். பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை வெளியேற்றத் தேவையான நொதியம் பிறவியிலேயே இல்லாத கன் எலிகளுக்கு, 1976இல் நல்ல எலிகளின் ஈரல் கலங்களை ஏற்றி மஞ்சள் நிறத்தைக் குறைத்தார்கள். 1998இல் அதே குறைபாடுள்ள பத்து வயதுச் சிறுமிக்கு மனித ஈரல் கலங்களை வாயில் நாளத்தில் ஏற்றினார்கள். பிலிரூபின் குறைந்தது, நீல ஒளியின் கீழ்ப் படுத்திருக்க வேண்டிய நேரமும் குறைந்தது, முழுக்கச் சரியாகவில்லை. எலி காட்டிய வழி மனிதரில் பாதி தூரம் போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிறுமியின் ஈரல் மென்மையான ஈரல். ஒரு நொதியம்தான் இல்லை. சித்தப்பாவினுடையது தழும்பேறி இறுகியது. வாயில் நாளத்தில் ஏற்கனவே அழுத்தம் எகிறியிருக்கிறது. அதனால்தான் வயிற்றில் தண்ணீர், அதனால்தான் உணவுக்குழாயில் நாளம் புடைத்து, கமரா விட்டு அதற்கு வளையம் போட்டார்கள். அந்தக் குழாயில் இன்னும் கோடிக்கணக்கான கலங்களைக் கொட்ட எந்த வைத்தியரும் யோசிப்பார்.

தின்றவர் யார்

இப்போது அந்த வால்துண்டு. கதிரியக்கமானாலும் இரும்புத் துகளானாலும், வெளியிலிருந்து ஒட்டிய அடையாளம் எதற்கும் ஒரு குணம் உண்டு: கலம் செத்தாலும் அடையாளம் சாவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பதற்காகக் கலங்களுக்குள் நுண்ணிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களை ஊட்டுவார்கள். இரும்பு இருக்கிற இடம் படத்தில் கறுத்துத் தெரியும். ஈரலில் கறுத்தால் கலம் ஈரலுக்கு வந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் ஈரலில் குப்ஃபர் கலங்கள் என்ற தின்குழியங்கள் இருக்கின்றன. குருதியில் வரும் குப்பையைப் பிடித்துத் தின்பதே அவற்றின் தொழில். செத்த கலத்தின் இரும்பையும் அவை தின்றுவிடும், அதன்பிறகு படத்தில் கறுப்பாகத் தெரிவது தின்றவரின் வயிறு.

இதில் இருக்கிற வேடிக்கை என்னவென்றால், இந்த இரும்புத் துகள் மருந்தாக அங்கீகாரம் பெற்றதே குப்ஃபர் கலங்கள் அதைத் தின்னும் என்பதற்காகத்தான். அமெரிக்காவில் 1996இல் அது ஈரல் கட்டிகளைக் கண்டுபிடிக்க அனுமதிக்கப்பட்டது. நல்ல ஈரல் துகளைத் தின்று கறுக்கும். குப்ஃபர் கலங்கள் இல்லாத கட்டி கறுக்காமல் தனித்துத் தெரியும். அதே துகளைப் பிறகு ஆய்வாளர்கள் கலங்களைப் பின்தொடர எடுத்துக்கொண்டார்கள். மூளையிலோ முழங்கால் குருத்தெலும்பிலோ பின்தொடர்வதைவிட ஈரலில் பின்தொடர்வது இதனால்தான் சிக்கலானது. தேடுகிற இடத்திலேயே அடையாளத்தைத் தின்கிறவர்கள் குடியிருக்கிறார்கள். விவரமறிந்த ஆய்வுகூடங்கள் இதற்காகவே இரண்டு வழியிலும் பார்க்கின்றன. இடத்தைத் துல்லியமாகக் காட்ட எம்.ஆர்.ஐ., உயிரோடிருக்கிறதா என்று சொல்ல மின்மினி வெளிச்சம். முதலாவது 'ஈரலில்' என்று சொல்லி, இரண்டாவது மௌனமாக இருந்தால், வந்து சேர்ந்தது பிணம் என்று அர்த்தம்.

படத்தைத் தாண்டி, கண்ணால் கண்ட கலமே ஏமாற்றிய கதையும் இந்தத் துறையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில், ஒரு நொதியம் நீக்கப்பட்ட எலிகளுக்கு என்பு மச்சையின் குருதிக் கலங்களை ஏற்றினார்கள். எலிகள் பிழைத்தன. அவற்றின் ஈரலில் புதிய ஈரல் கலங்கள் இருந்தன, அவை ஏற்றிய கலங்களின் அடையாளத்தோடும் இருந்தன. குருதிக் கலம் ஈரல் கலமாக மாறுகிறது என்று உலகமே கொண்டாடியது. 2003இல் இரண்டு குழுக்கள் அதே வகை எலிகளின் ஈரல் கலங்களை உன்னிப்பாகப் பார்த்தன. ஏற்றிய கலம் மாறவில்லை. எலியின் சொந்த ஈரல் கலத்தோடு ஒட்டி ஒன்றாகியிருந்தது. ஒரே கலத்துக்குள் இருவரின் மரபுப்பொருளும் இருந்தது. எலிகள் பிழைத்தது மெய், விளக்கம் மட்டும் தவறு. மூன்று வருடத்துக்குள் அந்தத் துறையே தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டதை எனக்கு மதிக்கத் தோன்றுகிறது. விளம்பரங்கள் மட்டும் இன்னும் 2000ஆம் ஆண்டிலேயே நிற்கின்றன.

எலியின் ஈரலைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வில் அதன் ஈரலை இறுகச் செய்யப் பெரும்பாலும் காபன் நாற்குளோரைட்டை வாரத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறார்கள். சில வாரங்களில் தழும்பு வந்துவிடும். கொடுப்பதை நிறுத்தினால், ஒரு மருந்தும் இல்லாமலே அந்தத் தழும்பு கரையத் தொடங்கும். ஆகவே கலம் ஏற்றிய எலி தேறியது என்ற செய்திக்குப் பெறுமதியே கிடையாது, பக்கத்துக் கூட்டில் வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய எலி எப்படி இருந்தது என்று சொல்லாதவரை. பல வருட நீரிழிவில் இறுகிய ஈரல் அப்படிக் கரைந்து கொடுப்பதில்லை.

மனிதரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய இராச்சியத்தில், ஈரல் இறுகிய 81 பேரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது. என்பு மச்சைக் கலங்களைக் குருதிக்குள் தூண்டி வரவழைத்து, பிரித்தெடுத்து, அவரவருக்கே திரும்ப ஏற்றினார்கள். ஈரலின் நிலை தேறவில்லை. பாரதூரமான பக்க விளைவுகள், ஏற்றியவர்களிடம்தான் அதிகமாக இருந்தன. எடின்பரோவில் வேறு வழியில் போகிறார்கள். தழும்பைத் தின்று கரைக்கக்கூடிய தின்குழியங்களை நோயாளியின் சொந்தக் குருதியிலிருந்து வளர்த்துத் திரும்ப ஏற்றுவது. எலியில் பலித்த பிறகு, 2019இல் ஒன்பது பேரிடம் முதற்கட்டப் பரிசோதனை முடித்து, ஆபத்தில்லை என்று மட்டும் எழுதினார்கள். குணமாகிறது என்று எழுதவில்லை. அந்த அடக்கத்துக்காகவே நான் அவர்கள் பக்கம்.

எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அவற்றின்மேல் பரிவு உண்டு, சித்தி சிரித்தாலும். விலங்காய்வில் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை, முடிந்தால் விலங்கையே தவிர் என்ற மூன்று விதிகளை பிரித்தானிய ஆய்வாளர்களான ரஸலும் பர்ச்சும் 1959இல் எழுதினார்கள். முன்பெல்லாம் முதல் நாளுக்கு ஒரு கூட்டம், மூன்றாம் நாளுக்கு ஒரு கூட்டம், ஏழாம் நாளுக்கு ஒரு கூட்டம் என்று எலிகளைக் கொன்று திறந்துதான் கலம் எங்கே என்று பார்க்க வேண்டும். கமரா வந்த பிறகு ஒரே எலியைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. அப்படிச் சிரமப்பட்டுப் பெற்ற ஒரு விடையை, ஓரப் பட்டையை வெட்டியெறிந்துவிட்டு விற்பனைச் சுவரொட்டியாக்குவது, எலிக்கும் சேர்த்தே செய்கிற அவமரியாதை.

தம்பிக்கு நான் கம்பனி மோசடி என்று எழுதவில்லை. எழுதினால் அவன் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பான். அப்பாவைக் காப்பாற்ற ஒரு வழி தேடியவனிடம் அதை மட்டும் சொல்வது கொடுமை. அவர்களிடம் அனுப்பக் கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். கை நாளத்தில் ஏற்றிய கலங்கள் ஒரு நாள் கழித்து எங்கே இருக்கின்றன? ஒரு வாரம் கழித்து எத்தனை உயிரோடிருக்கின்றன? உப்புத்தண்ணீர் ஏற்றிய எலிகளின் படம் எங்கே? அந்த வண்ணப் பட்டை எங்கே? மனிதரில் செய்த பரிசோதனை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? நம் நாட்டிலேயே இலங்கை மருத்துவச் சங்கம் தொடங்கிய பதிவேடு 2006 முதல் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பதில் மறுநாளே வந்தது. கேள்விகளில் ஒன்றையும் தொடாமல், மாத முடிவுக்குள் பதிவு செய்தால் விமான டிக்கெட்டில் கழிவு என்று.

அதற்குப் பிறகும் அவன் உடனே விட்டுவிடவில்லை. "எலியை நீங்களே நம்புகிறீர்கள், நீங்களே நம்பவேண்டாம் என்கிறீர்கள், எது சரி அக்கா?" என்று கோபமாகக் கேட்டான். எலியை நம்பு, படத்தின் கீழே எழுதினவனை நம்பாதே என்றேன். சில நாட்கள் பேசவில்லை. பிறகு விடுமுறையில் வந்தபோது, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ராகமைக்குப் போனோம். எங்கள் மலைநாட்டு ரயில் பாதையிலேயே இருக்கிற ஊர், ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கிற இடம். கத்தார் வரை தேடியவனுக்கு அது கண்ணில் படவில்லை. வைத்தியர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், நீர் மாத்திரையை மாற்றினார், மாற்றுக்குத் தகுதியா என்று பார்க்க நிறையப் பரிசோதனை எழுதினார். தம்பி தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னான். அவனுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அவன் ஈரலிலும் கொழுப்பு. எடையைக் குறைத்துவிட்டு வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கத்தாரில் வேலை முடிந்ததும் நடக்கிறானாம். சீனியை விட்டுவிட்டானாம். கம்பனிக்குக் கட்டவிருந்த பணம் வங்கியில் கிடக்கிறது. சித்தி அதைப் பற்றி யாரையும் பேசவிடுவதில்லை.